நாமா, நாங்களா

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ‘னு மிஸ்’. பட்டப்பெயர் வைப்பவர்கள் வழக்கமாக மூக்கையோ நடையையோ பிடித்துக்கொள்வார்கள். அவளிடம் ஓர் எழுத்துதான் கிடைத்திருக்கிறது.

அவள் சொல்லித்தரும் பாடம் அப்படி. கால அட்டவணையில் அதன் பெயர் ‘சமயங்களும் உலகப் பார்வைகளும்’. பள்ளிக்கூடம் முழுக்க அதைச் ‘சமயம்’ என்று சுருக்கிவிட்டார்கள். இவர்கள் உலகம் இப்படித் தோன்றியதுன்னு நம்புறாங்க, அவர்கள் செத்தவர் திரும்பப் பிறப்பார்னு நம்புறாங்க. எந்த வாக்கியமும் அந்த ‘னு’ இல்லாமல் அவள் வாயைத் தாண்டாது. ஒன்பதாம் வகுப்புக் கடைசி பெஞ்சு அதைத் தன் சொத்தாக்கிக்கொண்டது.

“மிஸ், நாளைக்குப் பரீட்சை இருக்குன்னு நம்புறாங்க.”

“இருக்குன்னு நானும் நம்புறேன். உக்காரு.”

“எதா இருந்தாலும் சமயம் பாத்து வைங்க மிஸ்.”

சிரிப்பு எழும். அவளும் சிரித்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்புவாள்.

இந்த ‘னு’ அவளுக்குத் தானாக வந்ததல்ல, பழக்கி வரவழைத்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். சமய வகுப்பில் ஆசிரியர் ‘நாம்’ என்று சொல்லக் கூடாது. சொன்னால், எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்காமல் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டதாக ஆகும். ‘நாங்கள்’ என்றும் சொல்லக் கூடாது. அது அதே பிள்ளையைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடும். மிச்சம் இருப்பது ‘அவர்கள்’. ஆசிரியரின் சொந்த வீட்டு மதமாக இருந்தாலும் அவர்கள். எதையும் நம்பாதவர்களும் அவர்கள். எல்லோருக்கும் ஒரே தூரம்.

மற்ற மாணவிகள் இந்த விதியோடு மல்லுக்கட்டினார்கள். அவளுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்திவிட்டது. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். வீட்டில் எதைப் பேசினாலும் ‘படிச்ச பொண்ணு சொல்றா’ என்றார்கள். கல்லூரியில் எதைப் பேசினாலும் பாய்லர்காரர் மகள் பேசுவதாகவே அவளுக்கே காதில் விழுந்தது. ஆக, இரண்டு பக்கமும் ‘அவர்கள்’ என்று ஆகிப்போய் வெகு காலம். அதையே ஒரு வேலையாகச் செய்யலாம் என்று தெரிந்தபோது, கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்பா பெரிய ஆஸ்பத்திரியில் பாய்லர் பார்த்தவர். வெந்நீரும் நீராவியும் அவர் கையிலிருந்துதான் மாடி மாடியாக ஏறும். கடைசியில் அதே ஆஸ்பத்திரியில்தான் படுத்தார். படுக்கையின் தலைமாட்டுச் சுவருக்குள் ஓடிய குழாய் அவ்வப்போது டொக் டொக்கென்று தட்டும். அப்பா கண்ணை மூடியபடியே, “உள்ள தண்ணி நிக்குது. வடிச்சு விடாம நீராவியத் திறந்திருக்கான், மடையன்” என்பார். பார்க்க வரும் டாக்டரைவிடக் குழாய் மேல்தான் அவருக்கு அக்கறை.

ஒரு சாயங்காலம் அம்மா டீ வாங்கக் கீழே போயிருந்தாள். இவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அப்பா அவள் பக்கம் தலையைத் திருப்பினார்.

“நாம மறுபடி பாப்போம்ல?”

அவள் சிவப்புப் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே சொன்னாள். “அப்படித்தான் நம்புறாங்கப்பா.”

அப்பா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். “யாரு?” என்றார்.

அப்போதுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. அதற்குள் நர்ஸ் பாட்டில் மாற்ற வந்தாள், அம்மா டீயோடு வந்தாள், அப்பா தூங்கிப்போனார். அவர் அப்புறம் பேசவில்லை.

சாவு வீட்டில் அவள் அழவில்லை. பிடிவாதமாக அடக்கிக்கொண்டாள் என்றும் இல்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். கூட்டத்தில் யார் சட்டையின் விலைச்சீட்டு கிழிக்கப்படாமல் இருக்கிறது, எந்த நாற்காலியின் கால் ஆடுகிறது என்பதெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சித்தி அவள் கன்னத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இவ என்னடி மரம் மாதிரி நிக்கிறா” என்று அம்மாவிடம் சொன்னாள். அதுவும் தெளிவாகக் கேட்டது. எல்லாம் தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்தன.

விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பியபோது, புத்தகத்தில் அடுத்து வந்த பாடம் ‘இறப்பும் அதற்குப் பின்னும்’.

ஆசிரியர் அறையில் பக்கத்து மேஜைக்காரரான கணக்கு வாத்தியார் அதைப் பார்த்துவிட்டார். “இந்த வாரம் உன் வகுப்ப நான் எடுத்துக்கறேன்மா. அல்ஜீப்ராவுல யாரும் சாகறதில்ல.”

“பரவால்ல சார்.”

“நிஜமாவா?”

“பாடம்தானே சார்.”

பாடம்தான். கரும்பலகையைக் கோடு போட்டுப் பிரித்து, ஒவ்வொரு சமயத்தாரும் இறப்பைப் பற்றி என்ன நம்புகிறார்கள் என்று எழுதினாள். கடைசிக் கட்டம் எந்தச் சமயத்தையும் சேராதவர்களுக்கு. புத்தகத்தில் இருந்தபடியே எழுதினாள்: ‘இறப்போடு வாழ்வு முடிகிறது என்று கருதுகிறார்கள்.’

ஜன்னலோரத்தில் உட்காரும் பெண் கையைத் தூக்கினாள். அதிகம் பேசாத பெண். “மிஸ், எல்லாரும் நம்புறாங்க, நாங்க மட்டும் ஏன் கருதுறோம்?”

“புத்தகத்துல அப்படித்தான் இருக்கு.”

“கருதுறதுன்னா?”

“யோசிச்சு ஒரு முடிவுக்கு வர்றது.”

“அப்ப நம்புறவன்லாம் யோசிக்காதவனா மிஸ்?” என்றது கடைசி பெஞ்சு. “புத்தகமே எங்களை அவமானப்படுத்துது, பாருங்க.”

வகுப்பு சிரித்தது. நியாயமான கேள்வி என்று அவளுக்குத் தோன்றியது. எல்லாக் கட்டங்களிலும் ஒரே வினைச்சொல் இருந்திருக்க வேண்டும். இத்தனை நாள் ‘ஒரே தூரம்’ என்று நினைத்ததில்கூட ஒரு சாண் வித்தியாசம் இருந்திருக்கிறது. திரும்பி, ‘கருதுகிறார்கள்’ என்பதை அழித்து ‘நம்புகிறார்கள்’ என்று எழுதினாள். எழுதியபடியே, கட்டம் கட்டமாக விளக்கி வந்ததை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். விட்ட இடம் அவள் வீட்டு மதத்தின் கட்டம்.

“இறப்புங்கறது முடிவு இல்ல. நாம மறுபடி பாப்போம்.”

‘னு’ வரவில்லை. அந்த எழுத்துக்காக வாய் ஒரு நொடி திறந்தபடி நின்றது. பிறகு மணி அடித்தது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு டஸ்டரைத் தட்டிவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்த வாரம் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

“உக்காரும்மா. ஒன்பதாவதுல ஒரு பொண்ணோட அப்பா வந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக். நீ மதப் பிரசாரம் பண்றதா சொல்றார்.”

“நானா மேடம்?”

“எனக்கும் சிரிப்புதான் வந்துது. ஆனா அவர் ஒரு வாக்கியத்தைக் கையில வெச்சிருக்கார்.” வாக்கியத்தைச் சொன்னார். “இப்ப நீ எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நாமன்னு சொன்னியா, நாங்கன்னு சொன்னியா?”

“ஞாபகம் இல்ல மேடம்.”

ஞாபகம் இருந்தது. எந்த விரலில் சாக்பீஸ் ஒட்டியிருந்தது என்பதுகூட இருந்தது.

“நல்லா யோசி. நாங்கன்னா, அப்பாவைப் பறிகொடுத்த பொண்ணு, வாய் தவறித் தன் வீட்டு நம்பிக்கையச் சொல்லிட்டா, அதோட முடிஞ்சுது. நாமன்னா பிள்ளைங்களையும் சேத்து இழுத்த மாதிரி. அவர் தன் பொண்ண உன் வகுப்புலேர்ந்து எடுத்து லைப்ரரில உக்கார வெச்சுட்டார்னா, உன் வேலைய நிரந்தரம் பண்ணுங்கன்னு நான் மேல எழுத முடியாது. இந்தப் பாடம்னாலே அங்க பாதிப் பேருக்கு மூஞ்சி கோணுது.”

“சரி மேடம்.”

“நாளைக்கு அவர் மறுபடி வர்றார். நீயும் இரு.” அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “அழணும்னா அழுதுட்டுப் போம்மா. கதவ சாத்திக்கறேன்.”

“வரல மேடம்.”

வேலை போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாள். பயம் வரவேண்டிய இடம் அது. அப்பா இல்லாத வீட்டில் அவள் சம்பளமும் அம்மாவின் தையல் கம்பெனிக் கூலியும்தான் அடுப்பெரிக்கும். இந்தப் பாடத்தைத் தவிர வேறெதையும் சொல்லித்தர அவளுக்கு ஆசையும் இல்லை. இதெல்லாம் தெரிந்தது. தெரிந்ததோடு நின்றது.

மறுநாள் லிஃப்ட் மெக்கானிக் வந்தார். நன்றாகத் தேய்த்துக் கழுவிய கைகள், நகக்கண்ணில் மட்டும் கிரீஸ். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“நான் சண்டைக்கு வரல டீச்சர்” என்று ஆரம்பித்தார். “இவ அம்மா போனப்ப இவ ரொம்பச் சின்னப் பொண்ணு. எங்க போனாங்கன்னு கேட்டா. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. மேல இருக்காங்க, மேலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்காங்கன்னு. வீட்ல யாரும் இல்லன்னு இவளையும் வேலைக்குக் கூட்டிட்டுப் போவேன். எந்த லிஃப்ட்ல ஏத்தினாலும் கடைசி மாடி பட்டனைத்தான் அமுக்குவா. கதவு திறந்ததும் எட்டிப் பாப்பா. அப்புறம் கீழ வருவா. மறுபடி அமுக்குவா.”

தலைமையாசிரியை பேனாவைக் கீழே வைத்தார்.

“ஒரு நாள் பக்கத்துல உக்கார வெச்சுச் சொல்லிட்டேன். எங்கயும் இல்லம்மா, முடிஞ்சுடுச்சு, இருந்தவரைக்கும் உன்னை நல்லா வெச்சிருந்தாங்க, அதுதான் நமக்குன்னு. அதைச் சொல்றதுக்கு எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத்தான் தெரியும். ஆனா அதோட பட்டனை அமுக்கறத விட்டா. இப்ப பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்து கேக்கறா, ‘மிஸ் நாமன்னாங்கப்பா, என்னையும் சேத்துத்தானே சொன்னாங்க’ன்னு.”

அவள் எதிரே இருந்த மேஜை விரிப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூல் பிரிந்திருந்தது.

“உங்க நம்பிக்கைய நான் குறை சொல்லல. நாங்கன்னுதான் சொன்னேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க உங்க ஆளுங்களப் பாருங்க, நல்லபடியாப் பாருங்க. எங்களை விட்டுடுங்க. அவ்வளவுதான்.”

தலைமையாசிரியை அவள் பக்கம் திரும்பி லேசாகத் தலையை ஆட்டினார். சொல்லிவிடு என்று அதற்கு அர்த்தம். எல்லோரும் தப்பித்துக்கொள்ளக் கதவு திறந்திருந்தது. ஒரு சொல்தான்.

“நாமன்னுதான் சொன்னேன்” என்றாள்.

“எதுக்கு?” என்றார் மெக்கானிக்.

“தெரியல. அது தப்பு. நான் திருத்தறேன். ஆனா நாங்கன்னு சொல்லித் திருத்த முடியல.”

“ஏன்?”

“அதுவும் உண்மையான்னு எனக்குத் தெரியல.”

அவர் தலைமையாசிரியையைப் பார்த்தார். இவங்கதான் சமயம் எடுக்கறவங்களா என்பது போல. “அப்ப என்னன்னுதான் சொல்வீங்க?”

“அடுத்த வகுப்புல சொல்றேன் சார்.”

“சரி. அன்னிக்கும் இப்படிக் குழப்பினீங்கன்னா அவ லைப்ரரிக்குப் போகட்டும். எனக்கு வேற வழி இல்ல.” எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே சரியாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்து கம்பெனிச் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். இவள் எதிரே உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள்.

“அம்மா, நீ அப்பாவ மறுபடி பாப்பியா?”

“பாப்போம்.”

“நீ பாப்பியான்னு கேட்டேன்.”

“பாப்போம்னு சொன்னேன்டி. உன்னை விட்டுட்டு நான் மட்டும் எங்க போய்ப் பாக்கறது? உங்கப்பா முதல்ல உன்னைத்தான் தேடுவாரு.”

‘பாப்போம்’. அதில் நாமும் இல்லை, நாங்களும் இல்லை. எதிரே இருப்பவர் உள்ளேயா வெளியேயா என்று அந்தச் சொல் கேட்பதே இல்லை. அம்மா அதிலேயே குடியிருந்தாள். இவள்தான் சொல்லைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வகுப்புல நான் உங்களையெல்லாம் ‘அவங்க’ன்னுதாம்மா சொல்றேன்.”

“எங்களையா?”

“ம்.”

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அதுக்குத்தானே படிக்க வெச்சது. சொல்லிக்கோ. மரியாதையாத்தானே சொல்ற, ‘அவங்க’ன்னு.”

அம்மா கிண்டல் செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தாள். அம்மா அடுத்த சட்டையை எடுத்துவிட்டிருந்தாள்.

ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தபோது விஷயம் அங்கே ஏற்கனவே பரவியிருந்தது. அவள் கரும்பலகைப் பக்கம் போகவில்லை. மேஜை மேல் புத்தகத்தை வைத்துவிட்டு நின்றாள்.

“போன பாடத்துல நான் ஒரு வாக்கியத்தத் தப்பாச் சொன்னேன்.”

“நாமதான் மிஸ்” என்றது கடைசி பெஞ்சு.

“டேய், நாங்கடா. என் நோட்டுல இருக்கு.”

“உன் நோட்டுல உன் பேரே தப்பா இருக்கு.”

“நாமன்னுதான் சொன்னேன்” என்றாள். “அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. உங்க யாரையும் கேக்காம உங்களையும் சேத்துக்கிட்டேன். உங்கள்ல சில பேர் வீட்ல அப்படி இல்ல. அந்த வீடுகளும் சும்மா அந்த முடிவுக்கு வரல.”

ஜன்னலோரப் பெண் நிமிர்ந்து பார்க்கவில்லை. “அப்ப நாங்கன்னு மாத்திக்கணுமா மிஸ்?”

“இல்ல.”

“அவங்கன்னா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல் தயாராக, வால் எழுத்தோடு, நாக்கில் நின்றது. இத்தனை வருஷம் அவளைக் காப்பாற்றிய சொல். ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்திலும் அதுதான் முந்திக்கொண்டு வந்தது.

“நான்” என்றாள். நம்பிக்கையைப் பற்றிய வாக்கியத்தில் அந்தச் சொல்லை அவள் வகுப்பில் சொன்னதே இல்லை. “எங்கப்பாவ மறுபடி பாக்கணும்னு எனக்கு இருந்துது. அது என்னோட ஆசை. ஆசையப் பாடம் மாதிரி சொல்லிட்டேன். அவ்வளவுதான் நடந்துது.”

அந்தப் பெண் இப்போது பார்த்தாள்.

“பாப்பீங்களா மிஸ்?”

“தெரியாது.”

“எங்கப்பாவுக்குத் தெரியும். இல்லன்னு சொல்வாரு.”

“எங்கம்மாவுக்கும் தெரியும். உண்டுன்னு சொல்வாங்க.”

அந்தப் பெண் இதை யோசித்தாள். “ரெண்டு பேரும் பேசிக்கிட்டா சண்டை வருமா?”

“தெரியல. எங்கம்மா சட்டைக்குப் பட்டன் தைக்கற வேலைல இருப்பாங்க. பேச நேரம் இருக்காது.”

“எங்கப்பா சட்டைல ரெண்டு பட்டன் இல்ல மிஸ்.”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு தலையைக் குனிந்து, நோட்டில் ஒரு வரியை அடித்தாள். மேலே ஏதாவது எழுதுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். எழுதவில்லை. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த வகுப்புக்கும் வந்தாள், அதற்கடுத்த வகுப்புக்கும் வந்தாள்.

பருவம் முடியும் தறுவாயில் தலைமையாசிரியை மறுபடி கூப்பிட்டார்.

“அந்த மெக்கானிக் போன் பண்ணினார். ‘தெரியாதுன்னு ஒரு டீச்சர் சொல்லி இப்பதான் மேடம் கேக்கறேன்’னார். பாராட்டறாரா, குத்திக் காட்டறாரான்னு எனக்குப் புரியல. பொண்ண எடுக்கலன்னு மட்டும் சொன்னார்.” மேஜை மேலிருந்த கோப்பைத் திறந்தார். “ஆனா நீ நாமன்னு சொன்னத நீயே ஒத்துக்கிட்ட. அத மறைச்சு மேல எழுத எனக்கு மனசு வரல. அதையும் எழுதினேன். நிரந்தரம் பண்றத இன்னொரு வருஷம் தள்ளி வெச்சிருக்காங்க. இதே பாடம், இதே வகுப்பு. போகச் சொல்லல. அந்த மட்டுக்கும் நல்லதுன்னு எடுத்துக்கோ.”

“சரி மேடம்.”

“கோவம் வரலையா?”

யோசித்துப் பார்த்தாள். “இன்னும் வரல மேடம்.”

ஆசிரியர் அறை காலியாக இருந்தது. கணக்கு வாத்தியார் மட்டும் பேப்பரைத் தலைக்கு வைத்துக்கொண்டு மேஜையில் சாய்ந்திருந்தார். அவள் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டாவது வாயில் நிறுத்தினாள்.

உப்பு இல்லை.

இன்னொரு வாய் போட்டுப் பார்த்தாள். துளிகூட இல்லை. அம்மா உப்புப் போட மறந்து எத்தனை நாளாகிறதோ, அப்பா போனதிலிருந்தே இப்படித்தானோ. இத்தனை நாள் தினமும் டப்பாவைக் காலி செய்துதான் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அம்மாவும் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிட்டிருப்பாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

“சார், உப்பு இருக்கா?”

கணக்கு வாத்தியார் கண்ணைத் திறக்காமலே இழுப்பறையைக் காட்டினார். “என்னம்மா, திடீர்னு?”

“இல்ல சார். இன்னிக்குத்தான் தெரியுது.”

காகிதப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை தூவிக் கலந்தாள். சாயங்காலம் அம்மாவிடம் சொல்ல வேண்டும். வேலை நிரந்தரமாவது தள்ளிப்போனதையும் சொல்ல வேண்டும். எதை முதலில் சொல்வது என்று யோசித்தபடி சாப்பிட்டாள். மெதுவாகத்தான் சாப்பிட முடிந்தது.